தாளிக்காத வீடும் ஒரு கிரேக்கச் சொல்லும்

எனக்கு அப்போது எல்லாமே அலுத்துப் போயிருந்தது. காலை ஆறு மணியில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு ஆறு வேளை, என் மனைவியின் மூக்கில் சொருகியிருந்த குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் காய்ச்ச அரை மணி, வடிகட்டக் கால் மணி, ஊற்ற அரை மணி, பாத்திரமும் சிரிஞ்சும் கழுவக் கால் மணி. கூட்டிப் பாருங்கள். மிச்சமிருந்த நேரத்தில்தான் துணி துவைத்தேன், மருந்துக் கடைக்குப் போனேன், ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் தூங்கினேன்.

அவளுக்கு நாக்கின் ஓரத்தில் புற்று. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். வெற்றிலை போடுவாளோ, புகையிலை அடக்குவாளோ என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். வாழ்க்கையில் ஒரு பாக்கைக் கூட அவள் கடித்ததில்லை. ஆனாலும் கேட்டார்கள். பத்தாவது ஆள் கேட்டபோது, "ஆமா, சுருட்டும் குடிப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை, எனக்கும் ஒரு டீ மிச்சம்.

அவள் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். சங்கரன்கோவிலைச் சுற்றி மூன்று பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்திருக்கிறாள். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் கடையில் வாங்கிவரும் பரோட்டா சால்னாவைக் கூட ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் எனக்குத் தருவாள். அந்த நாக்கில்தான் வந்தது.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். அதற்கு முன்னால், இருபது வயதில், போதகராகப் போகிறேன் என்று இறையியல் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷம் கிரேக்கம் படித்தேன். மூன்றாம் வருஷம் எனக்கே என் மேல் நம்பிக்கை வராமல் திரும்பி வந்துவிட்டேன். கிரேக்கம் மட்டும் கூடவே வந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில், மாதம் ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவருகிறேன். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு மாதம் தவறுதலாகப் போன மாதப் பக்கத்தையே திரும்பவும் போட்டுவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதம் ஐயர் போன் செய்தார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்லுவோம். "அண்ணாச்சி, வீட்டு நெலம எனக்குத் தெரியும். எழுத முடியலேன்னா விட்ருங்க" என்றார். அப்படிச் சொன்னதாலேயே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நடப்பது ஒரே காரியம், ஊட்டுவது. அதனால் அதற்கான சொல்லையே எடுத்துக்கொண்டேன்: த்ரெஃபோ.

த்ரெஃபோ என்றால் ஊட்டுகிறேன், வளர்க்கிறேன் என்று பொருள். மேலே இருக்கிறவர் ஆகாயத்துப் பறவைகளுக்குத் தீனி கொடுக்கிறார் என்று பைபிளில் சொல்லுமிடத்தில் வருவது இந்தச் சொல்தான். இதிலிருந்து பிறந்தது த்ரொஃபே, அதாவது உணவு. பால் கொடுத்து வளர்க்கிறவள் த்ரொஃபோஸ். வளர்த்து ஆளாக்கியதற்குப் பதிலாக வயதான காலத்தில் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்வதற்குக் கூட இதிலிருந்தே ஒரு சொல் வைத்திருந்தார்கள், த்ரெப்த்ரா. எங்கள் மகள் பெங்களூரில் இருந்தாள், பிரசவமாகி நாற்பது நாள் கூட ஆகவில்லை. அவளால் வர முடியாது. ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் கூரியரில் அனுப்பிவிட்டு வீடியோவில் அழுதாள். த்ரெப்த்ராவைப் பற்றி எழுதினால் அவளைக் குத்திக்காட்டுவதாக ஆகிவிடுமே என்று அந்த வரியை அடித்துவிட்டேன்.

இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் இதெல்லாம் இல்லை. பாலை உறைய வைப்பதற்குத்தான் முதலில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டுப்பாலில் உறை விட்டுக் கட்டியாக்குவது. நீராக ஓடுகிற ஒன்றை நிற்க வைப்பது. அதிலிருந்து உடம்பைத் தேற்றுவது, பிள்ளையை வளர்ப்பது, மாடு குதிரை வளர்ப்பது, முடி வளர்ப்பது வரைக்கும் அந்தச் சொல் போயிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தது எல்லாவற்றையும் நீராக்குகிற வேலை. கேப்பைக் கூழ், பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, பால், அந்தப் புரோட்டீன் பவுடர் என்று எது கொடுத்தாலும் மிக்சியில் அடித்து, வடிகட்டி, திரும்பவும் வேட்டித் துணியில் பிழிந்து, தண்ணீர் விட்டு இளக்க வேண்டும். கொஞ்சம் கெட்டியானால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மூக்கு வழியாகத் திரும்பவும் சொருகுவார்கள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது.

அங்கே பிசியோதெரபி செய்கிற பெண் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தசை அட்ராபி ஆகுது என்றாள். வற்றிச் சுருங்குகிறதாம். அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான், ஊட்டம் இல்லாமை. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவளுக்கு அடுத்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லவில்லை.

விஷயம் எடையில் இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் கரண்ட் வைக்க வேண்டும். கதிர் சிகிச்சையை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைத் தாங்க உடம்பில் வலு வேண்டும். நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் தள்ளிவைத்துவிடுவோம், தள்ளிவைப்பது நல்லதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் நல்லதில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னதிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது நாற்பத்து மூன்று இருந்தாள். நாலு வாரத்தில் நாற்பதும் சொச்சமும் ஆகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை திரும்பவும் எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொச்சத்தைக் காப்பாற்றுவதுதான் என் வேலை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே நானாக ஒரு முடிவு எடுத்திருந்தேன். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வைக்க முடியாதவள் கட்டிலில் கிடக்கும்போது, மூன்றடி தள்ளி அடுப்படியில் கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? ருசி பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் அவள். அதனால் தாளிப்பை நிறுத்தினேன். மணம் வருகிற எதையும் வீட்டில் செய்யவில்லை. அவளுக்குக் கஞ்சி, எனக்கு வெறும் சோறும் தயிரும். அதையும் அவள் கண்ணில் படாமல், அடுப்படிக் கழுவுதொட்டிப் பக்கம் நின்றுகொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டியபடி நாலு வாய் விழுங்கிவிட்டுக் கழுவி வைத்துவிடுவேன். பல நாள் அதுவும் கிடையாது; டீயும் பன்னும்தான். சாப்பிட்டியளா என்று அவள் சைகையில் கேட்டால், பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் சாப்பிட்டேன் என்பேன். பெரிய தியாகம் செய்வதாக ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்பில்தான் நாட்கள் ஓடின என்றுகூடச் சொல்லலாம்.

வியாழக்கிழமை திருவேங்கடத்திலிருந்து அவள் தங்கை டவுன் பஸ் பிடித்து வந்தாள். நல்லவள், ஆனால் மனதில் படுவது அப்படியே வாயில் வந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"என்ன அத்தான், வீட்ல ஒரு மணத்தையும் காணும்? அடுப்பு பத்த வச்சியளா இல்லியா?"

"எல்லாம் வச்சேன். நீ உள்ள வா."

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகு ஒருபக்கம் ஈரம் கோத்துக் கிடந்தது. "எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு மாதிரில்லா இருக்கு" என்றவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் காரியம் முடியும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள். வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகி நாலு தலைமுறை ஆன எங்கள் குடும்பங்களிலும் அது மட்டும் போகவில்லை. நான் அவளை முறைத்துவிட்டு அறையை எட்டிப் பார்த்தேன். என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். தலையணையை வைத்து உட்கார வைத்தேன். குழாயின் மூடியைத் திறந்து சிரிஞ்சைப் பொருத்தப் போகும்போது, அவள் குழாயை இரண்டாக மடக்கி விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, குமட்டுதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"வலிக்கா?"

இல்லை.

சரி, கொஞ்ச நேரம் போகட்டும் என்று விட்டேன். ஒன்பது மணிக்கும் மடக்கிப் பிடித்தாள். பன்னிரண்டுக்கும் அப்படியே. தண்ணீரை மட்டும் விட்டாள், மாத்திரை கரைத்ததை விட்டாள். கஞ்சி என்றால் விரல் இறுகிவிடும். சூடு அதிகமோ என்று ஆற்றினேன். பவுடர் வாடையோ என்று அது இல்லாமல் காய்ச்சினேன். மகளுக்குப் போன் போட்டு வீடியோவில் கெஞ்சச் சொன்னேன். பேரப்பிள்ளையைத் தூக்கித் திரைக்கு முன்னால் காட்டினாள். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், விரலை விடவில்லை.

மூன்று மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை, நான் கத்தினேன்.

"ஏட்டி, திங்கக்கிழமை எடை பாப்பாவ. நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா திருப்பி அனுப்பிருவாவ. தெரியும்லா? ஆறு வேளையும் நான் என்னத்துக்கு இந்த அடுப்புல கெடந்து வேகுதேன்? சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?"

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தத்தையும் மீறி என் சத்தம் கேட்டிருக்கும். சொன்ன உடனே உடம்பெல்லாம் கூசியது. கஞ்சியைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் கொட்டினேன். நாலாவது வேளைக் கஞ்சி. இருநூறு மில்லி வீதம் எண்ணூறு. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது. இவள் போய்விட்டால் நன்றாகத் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, அவ்வளவுதான், அதை நான் விரட்டவும் இல்லை. இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அறையிலிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. போனேன். பேச முடியாததால் அவள் எதையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள். எழுதி மடியில் வைத்திருந்தாள்.

'நான் செத்த பெறகு தாளிக்காம இருங்க. இப்ப எதுக்கு?'

எனக்கு முதலில் புரியவே இல்லை. இரண்டு முறை படித்தேன். பிறகு வியாழக்கிழமை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் உளறிக் கொட்டி விளக்கினேன். மணம் வந்தால் உனக்குக் கஷ்டமாக இருக்குமே, உன் நல்லதுக்குத்தான், நீ இப்படி நினைப்பாய் என்று தெரியாது என்றேன். அவள் நோட்டை வாங்கி எழுதினாள்.

'நீங்க எங்க சாப்பிடுதிய?'

"பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்ல. சொன்னேம்லா."

'பொய்.'

 அவள் எழுதிக்கொண்டே போனாள். விரல்களில் வலு இல்லாமல் எழுத்து வரியை விட்டுச் சரிந்தது.

'முப்பது வருசம் பிள்ளையள் மொகத்தப் பாத்திருக்கேன். சாப்பிட்ட மொகம் எனக்குத் தெரியாதா. தெனமும் ஒரு ஆளு மெலிஞ்சி மெலிஞ்சி வந்து எனக்கு ஊத்துதாரு. அது எப்படி எறங்கும். நீங்க சாப்பிட்டா நான் எடுத்துக்கிடுதேன். இல்லன்னா வேண்டாம்.'

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது, சொல்லப்போனால். என் தியாகத்தை ஒரு வரியில் குப்பையில் போட்டுவிட்டாளே என்ற கோபம். அப்புறம் வெட்கம். நாலு வாரமாக நான் அவளுக்கு மருந்து ஊற்றியிருக்கிறேன், சோறு போடவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிறவன் கூட இரண்டு நிமிஷம் பக்கத்தில் நிற்பான். நான் சிரிஞ்சு காலியாகிறதா என்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் அரிசி களைந்து வைத்தேன். துவரம்பருப்பு வேகப்போட்டேன். வீட்டில் கிடந்த இரண்டு கத்திரிக்காயைப் போட்டு ஒரு குழம்பு. சட்டியைக் காயவைத்து நல்லெண்ணெய் விட்டு, ஈரம் கோத்த கடுகை அள்ளிப் போட்டேன். படபடவென்று எண்ணெய் கையில் தெறித்தது. உளுத்தம்பருப்பு, வத்தல், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. அவசரத்தில் தீயைக் குறைக்க மறந்து, பருப்பு சிவந்து கறுத்துவிட்டது. வீடெல்லாம் புகை. நான் இருமிக்கொண்டே அறைக்கு ஓடினேன், அவளுக்கு மூச்சு முட்டுமோ என்று.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, குழாய் இல்லாத பக்கத்து மூக்கால் ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள். இமையோரம் ஈரம். ஐயோ, நான் பயந்தது நடந்துவிட்டதே என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து நோட்டை எடுத்தாள்.

'கருகிட்டு. வெந்தயம் போடலியா?'

தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னொரு கையில் புதிதாகக் காய்ச்சிய கஞ்சி. அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபம் சொல்லி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. சொன்னேன். வழக்கமாகச் சொல்கிற நாலு வரிதான், நடுவில் ஒரு வரி மறந்து போய் நின்றேன். அவள் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள்.

முடிந்ததும் அவள் குழாயை மடக்கவில்லை. சிரிஞ்சை வாங்கிக் குழாயில் பொருத்தித் தானே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினேன். அது மெல்ல இறங்கத் தொடங்கியது. அவள் என் தட்டைக் காட்டினாள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். திரும்பவும் ஒரு கரண்டி. திரும்பவும் தட்டைக் காட்டினாள். கருகின குழம்பு கசந்தது. ஆனால் எனக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது; இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு வந்தேன். அதுவரை அவள் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தாள்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே ஆறு வேளையும் நடந்தது. அலுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே காய்ச்சுவது, அதே வடிகட்டுவது, அதோடு கூட எனக்கு வேறு சமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயில் சோற்றோடு தூங்கிவிட்டேன், அவள் முழங்கையால் இடித்து எழுப்பினாள். அந்தச் சொல்லைப் பற்றிய பக்கத்தை எப்படியோ முடித்து ஐயருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பாலை உறைய வைப்பது வரைக்கும்தான் எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுத அன்றைக்கு முடியவில்லை.

திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். வெள்ளிக்கிழமை விட்டுப்போன நாலு வேளையை வழியெல்லாம் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எடை பார்க்கும் இடத்தில் வரிசை. அவள் முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்து ஏறி நின்றாள். எண் மேலும் கீழும் ஓடி நின்றது. நாற்பது புள்ளி ஒன்று. நர்ஸ் கோப்பில் எழுதிவிட்டு, "போதும்மா, நாள் குடுத்துருவாங்க" என்றாள். கோப்பில் எழுதியதை நானும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் இறங்கினாள். போகலாம் என்று நான் பையை எடுத்தேன். அவள் நகரவில்லை. என் முழங்கையைப் பிடித்து எடை மெஷினைக் காட்டினாள். "எனக்கெதுக்கு? பின்னால ஆள் நிக்கி" என்றேன். அவள் பிடியை விடவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "ஏறுங்க வே, அதுல என்ன" என்றார். செருப்போடு ஏறினேன். செருப்பைக் கழற்றச் சொல்லி அவள் கையால் காட்டினாள். கழற்றிவிட்டு ஏறினேன். ஐம்பத்தாறு. ஆபரேஷனுக்கு முன் நான் அறுபத்து நாலு கிலோ.

அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸின் கையிலிருந்து பேனாவை எடுத்து, மேசையில் விரித்து வைத்திருந்த தன் கோப்பில், தன் எடைக்கு நேர் கீழே, என் எடையையும் எழுதினாள்.